சர்க்கரைத் தண்ணீர்

அண்ணனுக்கு ஒன்றைக் கொடுக்கத்தான் போனேன்.
சான் சால்வடோர் பேருந்தில், சன்னலோரம்,
இரண்டு சிறுநீரகங்களோடு.
எவேலியோவுக்கு ஒன்று, எனக்கு ஒன்று.
கணக்கு அவ்வளவு சுலபமாக இருந்தது.

எங்கள் ஊரில் நலம் விசாரிப்பதே எண்ணில்தான்.
"கிரியாட்டினின் எவ்வளவு?"
"மூணு புள்ளி நாலு."
"போன மாசம்?"
கேட்டவனும் தன் எண்ணைச் சொல்லிவிட்டே நகர்வான்.
எவேலியோவுக்குப் பதினொன்று.

வீட்டுக்குப் பின்னால் எட்டுக்கு எட்டில் ஓர் அறை கட்டினோம்.
சுவரெல்லாம் வெள்ளை டைல்ஸ்.
நாங்கள் படுக்கும் இடத்துக்கு இன்னும் மண்தரைதான்.
தூளி கட்டும் கொக்கியில்
இரண்டு லிட்டர் பை தொங்கும்.
அண்ணி மார்லெனி முழங்கைவரை சோப்புப் போட்டு
முகமூடி கட்டிக் கதவைச் சாத்துவாள்.
தொப்புளுக்குப் பக்கத்துக் குழாயில்
தண்ணீர் இறங்கும்,
குடலைப் போர்த்திய சவ்வோடு நாலு மணி நேரம் பேசும்,
ரத்தம் சொல்ல முடியாமல் வைத்திருந்ததையெல்லாம்
வாங்கிக்கொண்டு
தரையில் கிடக்கும் பைக்கு வந்து சேரும்.
நாளுக்கு நான்கு தடவை.
ஞாயிறும் உண்டு, கிறிஸ்துமஸும் உண்டு.

நிறைந்த பைக்கு அடியில் பழைய செய்தித்தாளை வைப்பாள்.
எழுத்து தெரிந்தால் நல்லது.
கலங்கியிருந்தால் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.
நாலு வருடக் கால்பந்து முடிவுகளை
அண்ணனின் வயிற்றுத் தண்ணீர் வழியாகத்தான்
படித்தோம்.

பையில் என்ன இருக்கிறது தெரியுமா?
சர்க்கரை.
அதுதான் உடம்பின் மிகை நீரை இழுக்குமாம்.
பதினாறு வயதில் கத்தியெடுத்து
எரித்த வயலின் சாம்பலுக்குள் குனிந்தவன்,
தண்ணீர் குடிக்க நிமிர்ந்தால் டன் குறையும் என்று
நிமிராதவன்,
அவனுக்குள் இப்போது சர்க்கரைத் தண்ணீர்
ஏறி இறங்குகிறது.
கரும்பு தின்னக் கூலியா என்பார்கள்.
நாங்கள் தின்னவில்லை, வெட்டினோம்.
கூலியை எண்ணித்தான் கொடுத்தார்கள்.
மிச்சத்தை ரத்தத்தில் வரவு வைத்தார்கள்.

சிறுநீரகம் ஒரு வடிகட்டி என்றே நினைத்திருந்தேன்.
அது பாதி வேலைதான் என்றாள் டாக்டர் ரொக்ஸானா.
"லெம்பா ஆறு வீட்டுக்குள் வந்துபோன மறுநாள்
என்ன செய்வீர்கள்?"
எல்லாவற்றையும் வாசலில் எடுத்துப் போடுவோம்.
கட்டில், சோளமூட்டை, கல்யாணப் படம், ஒற்றைச் செருப்பு.
பிறகு ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்து
வேண்டியதை உள்ளே கொண்டுபோவோம்.
"அதேதான்.
நாளுக்கு நூற்றெண்பது லிட்டரை வாசலில் போட்டு
உப்பை, சர்க்கரையை, தண்ணீரைத்
திரும்ப அழைத்துக்கொண்டு
ஒன்றரை லிட்டரை மட்டும் போகவிடும்.
உங்கள் பக்கத்து ஆட்களுக்கு
அந்தத் திரும்ப அழைக்கும் குழாய்களில்தான்
முதலில் கோளாறு."

அப்புறம் என் காகிதத்தை எடுத்தாள்.
ரத்த வகை பொருந்துகிறது என்றாள்.
பொருந்துகிறது என்றாள் மறுபடியும்,
அடுத்த சொல்லை எங்கே வைப்பது என்று தெரியாமல்.

ஒன்று புள்ளி ஒன்பது.

எனக்கு எங்கும் வலிக்கவில்லை.
முந்தாநாள் ஆறு டன் வெட்டினேன்.

ஊர் திரும்பும்போது மாலை.
கதவைத் தட்டி, கை கழுவி, முகமூடி கட்டி உள்ளே போனேன்.
பை நிறைந்துகொண்டிருந்தது.
மார்லெனி செய்தித்தாளைத் தேடினாள்.
என்ன சொல்வதென்று தெரியாமல்
பைக்கு அடியில் என் காகிதத்தை வைத்தேன்.

தெளிவாகத் தெரிந்தது.

எவேலியோ வெகுநேரம் குனிந்து பார்த்தான்.
பிறகு, ஒரு நாளைக்கென்று
அவனுக்கு அளந்து வைத்திருந்த பாட்டிலை
என் பக்கம் நகர்த்தினான்.
"காலையிலிருந்து
தண்ணி குடிச்சியா, வில்பெர்?"